கைவினை விற்று எழுந்த ஊர்: சோழமண்டல ஓவியர் கிராமம்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்தது சோழமண்டல ஓவியர் கிராமம். 1966ஆம் ஆண்டு உருவான இக்குடியிருப்புக்கான நிலம், ஓவியர்கள் தம் கையால் செய்து விற்ற பொருள்களின் வருவாயைக் கொண்டு வாங்கப்பட்டது. கைவினைப் பொருள் விற்பனை ஒரு கலை இயக்கத்துக்கே அடித்தளமான வரலாறு இது.

பின்னணி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கு தொழில்சார்ந்த கைவினைகளே முதன்மை பெற்றன. தேவி பிரசாத் ராய் சவுத்ரி முதல்வராக இருந்த காலத்தில் ஓவியமும் சிற்பமும் வலுப்பெற்றன. அவருக்குப்பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார்.

அக்காலத்தில் சென்னையில் நவீன ஓவியங்களை விலைகொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. ஆகவே, படிப்பை முடித்த மாணவர்கள் ஓவிய ஆசிரியர்களாகவும் விளம்பர நிறுவனங்களிலும் துணி வடிவமைப்பிலும் வேலை தேடிச் சென்றனர். வயிற்றுப்பாட்டுக்கான வேலை நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், திறமையுள்ள பலர் தூரிகையைத் தொடுவதே அரிதாயிற்று.

பணிக்கர் கண்ட வழி

நாளின் ஒரு பகுதியில் விற்கத்தக்க கைவினைப் பொருள்களைச் செய்வது, மீதி நேரத்தில் யாருடைய விருப்பத்துக்கும் வளையாமல் ஓவியம் தீட்டுவது என்பதே பணிக்கரின் திட்டம். இதற்காக 1960களின் முற்பகுதியில் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர்.

அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது பத்திக். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடி, துணியைச் சாயத்தில் தோய்ப்பர். அடுத்த நிறத்துக்கு மீண்டும் மெழுகிட்டுத் தோய்ப்பர். பொதுவாக வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் செல்வர். இறுதியில் வெந்நீரிலிட்டு மெழுகை நீக்குவர். மெழுகில் விழும் விரிசல்களில் சாயம் கசிந்து மெல்லிய கோடுகள் தோன்றுவதால், ஒரு துணியைப்போல் மற்றொன்று அமையாது.

இத்தொழிலுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஓவியர் கற்ற கோடும் நிறமும் இதில் நேராகப் பயன்பட்டன. ஓவியம் வாங்கத் தயங்கிய குடும்பமும் உடுக்கவோ வீட்டில் தொங்கவிடவோ உதவும் ஒரு துணியை வாங்கியது. கண்காட்சிகளில் பத்திக் துணிகள் நன்கு விற்றன. அந்தப் பணம் கடற்கரையோர மணல்வெளியில் நிலமாயிற்று.

ஊர் உருவாதல்

ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ எனத் திரிந்த பழம்பெயரையே ஊருக்குச் சூட்டினர். தொடக்கத்தில் எளிய குடில்களே எழுந்தன. பி. வி. ஜானகிராம், ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால் முதலியோர் இக்கிராமத்தோடு தொடர்புடைய கலைஞர்கள்.

கைவினையில் இறங்கினால் கலை தாழ்ந்துவிடும் என்ற அச்சம் இங்கு மெய்யாகவில்லை. உலோகத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பும் மரபுவழிக் கம்மியரின் முறையிலிருந்தே ஜானகிராம் தம் நவீனச் சிற்பங்களுக்கு வழி கண்டார். நந்தகோபாலும் செம்பு, பித்தளைகொண்டு சிற்பங்கள் படைத்தார். பிற்காலத்தில் ஓவியங்களும் சிற்பங்களும் விலைபோகத் தொடங்கியபின், பிழைப்புக்காகக் கைவினையை நாடவேண்டிய தேவை குறைந்தது. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் தொடர்ந்து இயங்கியது.

வரலாறு தரும் பாடம்

கைவினை விற்பனையில் இறங்குவோருக்கு இவ்வரலாறு சிலவற்றைத் தெளிவாக்குகிறது. அவ்வோவியர்கள் தமக்கு ஏற்கெனவே கைவந்த திறனை ஒட்டிய பொருளைத் தேர்ந்தனர். வாங்குவோருக்குப் பயன்படும் வடிவில் அதைத் தந்தனர். தனித்தனியே அலையாமல் சங்கமாகக் கூடி விற்றனர். வந்த பணத்தைப் பொதுத்தேவைக்கு முதலாக்கினர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் விற்றது நாளின் ஒரு பகுதி உழைப்பையே. எஞ்சிய பொழுது அவர்களுடையதாகவே இருந்தது.