கைகள் கொடுத்த விலை

ஒரு நோயின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. அந்நோய்க்கு ஆளான மனிதர் எவ்வாறு உழைத்தனர், எத்தகைய நிலைமைகளில் உழைத்தனர் என்பதன் வரலாறுமாகும். புகைபோக்கிகளைத் துடைத்துப் பிழைத்த தொழிலாளரின் விதைப்பைத் தோலிற் புற்றுநோய் தோன்றுவதையும், புகைக்கரியே அதற்குக் காரணம் என்பதையும் லண்டன் அறுவை மருத்துவர் பேர்சிவல் பொற் 1775இல் எழுதினார். தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு அன்றே வெளிப்பட்டுவிட்டது. ஆயினும், 120 ஆண்டுகளின் பின்னர் வேறொரு தொழிலில் மனிதரின் கைகள் அதே பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தது. அக்கைகளின் கதையையே இங்கு நோக்குகின்றோம்.

1895 நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிற் பேராசிரியர் றொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை அக்கதிர்களாற் படம்பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அப்படம் உலகெங்கும் பரவியது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற அவர் மறுத்தார்; அறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால், அக்கதிர்களை உண்டாக்கும் குழாய்களோ விரைவிலேயே விற்பனைச் சரக்காயின.

அந்நாளிற் கதிர்களின் வலிமையை அளக்கத் தக்க கருவி இருக்கவில்லை. குழாயை இயக்குபவர் தம் கையைக் குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் நடுவே நீட்டுவார். எலும்பின் நிழல் தெளிவாக விழுந்தாற் குழாய் நன்று என்று கொள்வார். நாளும் இதுவே வேலை. அக்கதிர் சுடுவதில்லை, நோவதில்லை, கண்ணுக்குத் தெரிவதுமில்லை. இவ்வாறு உழைப்பவனின் கையே அளவுகோலாயிற்று.

அமெரிக்காவிலே எடிசனின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தவர் கிளாறன்ஸ் டாலி. அவர் கண்ணாடி ஊதும் தொழில் அறிந்தவர். 1896இல் எடிசன் ஆக்கிய ஒளிர்திரைக் கருவியைப் பலமுறை சோதித்தவை இவருடைய கைகளே. தோல் சிவந்தது, மயிர் உதிர்ந்தது, புண் தோன்றியது. இடக்கை புண்பட்டபோது வலக்கையை நீட்டினார். பின்னர் அப்புண்கள் புற்றாக மாறின. முதலில் இடக்கையை வெட்டினர். அடுத்து வலக்கை விரல்களை வெட்டினர். இறுதியில் இரு கரங்களும் போயின. 1904 ஒக்டோபரில் 39ஆவது வயதில் டாலி இறந்தார். அதற்கு முன்னரே எடிசன், இக்கதிர்களுக்குத் தாம் அஞ்சுவதாகக் கூறி அவ்வாராய்ச்சியைக் கைவிட்டிருந்தார்.

டாலியின் பெயரையாவது நாம் அறிவோம். 1902இல் ஹம்பேர்க் நகர மருத்துவர் ஃப்ரீபன், புறங்கையிற் புற்றுநோய் கொண்ட ஒருவரைப் பற்றி அறிவித்தார். எக்ஸ் கதிர்களால் விளைந்த புற்றுநோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அதுவே. நோயாளி, எக்ஸ் கதிர்க் குழாய்த் தொழிற்சாலையில் நான்காண்டுகள் தம் கையை நீட்டிக் குழாய்களைச் சோதித்தவர். மருத்துவ வரலாறுகளில் அவர் '33 வயதுத் தொழிலாளி' என்றே வருகிறார்.

அக்கைகளில் நிகழ்ந்தது யாது? கதிர்கள் தோற்கலங்களின் உட்கருவைத் தாக்கின. பரம்பரைப் பண்புகளையே எக்ஸ் கதிர்கள் மாற்றவல்லன என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு முல்லர் 1927இல் நிறுவினார். சிதைந்த கலங்கள் சில கட்டுப்பாடிழந்து பெருகும். தோல் தடித்துச் சொரசொரப்பாகும், வெடிக்கும், ஆறாத புண்ணாகும். அங்கிருந்து நோய் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். கதிர் பட்ட நாளுக்கும் புற்று வெளிப்படும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல கழியலாம். இந்தத் தாமதமே அலட்சியத்திற்குத் துணைநின்றது.

எனினும், எவரும் எச்சரிக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. 1896இலேயே எலிகு தொம்சன் என்னும் விஞ்ஞானி தம் சின்னிவிரலை வேண்டுமென்றே கதிர்களுக்கு உட்படுத்தி, அதனால் உண்டான புண்ணை விவரித்தார். பொஸ்டன் நகரப் பல்வைத்தியர் வில்லியம் றொலின்ஸ், கினிப்பன்றிகள் இக்கதிர்களால் இறப்பதை 1901இற் காட்டினார். குழாயை ஈயம் பூசிய பெட்டியுள் அடைக்குமாறும் வற்புறுத்தினார். ஈயம் கிடைத்தற்கரிய பொருளன்று. ஆயினும், பிரித்தானியாவிற் பாதுகாப்புக் குழு அமைய 1921 வரையும், சர்வதேசக் குழு ஸ்ரொக்ஹோமில் அமைய 1928 வரையும் உலகம் காத்திருந்தது. அறிவு இல்லாமை ஒரு குறை. இருந்த அறிவை உழைப்பவனின் கைக்குக் கவசமாக்காமை அதனினும் பெரிய குற்றம் என்பதே எம் கருத்து.

1936இல் ஹம்பேர்க்கின் புனித ஜோர்ஜ் மருத்துவமனை வளவில், கதிர்களால் உயிர்நீத்தோருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அன்று அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1959ஆம் ஆண்டளவில் அத்தொகை 359 ஆகியிருந்தது. பிறர் நோய் தீர்க்கத் தம்மை இழந்த மருத்துவரும் தாதியரும் அவர்களுள் அடங்குவர். அவர்களுக்கு நாமும் தலைவணங்குகின்றோம்.

இன்று மருத்துவமனையிற் கதிர்ப்படம் எடுப்பவர் ஈயத் தடுப்பின் பின்னே நிற்கின்றார். அத்தடுப்பு எவரும் இரங்கித் தந்த கொடையன்று. வெட்டுண்ட கைகள் ஈட்டித் தந்த உரிமை. ஆயினும் வெயிலிலும் தாரிலும் நச்சுப் பொருள்களிலும் தோய்ந்து உழைக்கும் கைகள் இன்னும் உலகில் உள்ளன. வாரக்கணக்கில் ஆறாத புண்ணையோ, வளரும் தடிப்பையோ கையிற் கண்டவர் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. வேளையோடு கண்டுகொண்டால் இந்நோய் பெரும்பாலும் தீரக்கூடியது. ஆசிரியராகிய நாம் மாணவருக்கு மோதிரமணிந்த அந்தக் கையின் படத்தைக் காட்டும்போது, பெயர் மறைந்த அந்த ஹம்பேர்க் தொழிலாளியின் கையைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.