காபி மில்லில் அரைத்த கோதுமை

வீட்டில் நான்கு குழந்தைகள். கடைக்குட்டிக்கு 3 வயது. அதற்கு மேலே 10 வயதில் ஒன்று, 13 வயதில் ஒன்று. மூத்தவளுக்கு 15. அவளுக்குக் கண் தெரியாது. வெளியே பனிப்புயல். கரி தீர்ந்தாச்சு. மண்ணெண்ணெய் தீர்ந்தாச்சு. கடையில் மாவு இல்லை. சரக்கு வரவேண்டிய ஒரே வழி ரயில். அது எப்போது வரும் என்று ஸ்டேஷனில் இருப்பவருக்கே தெரியாது.

இப்போது சொல்லுங்கள். நாளைக் காலையில் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பீர்கள்?

கற்பனைக் கேள்வி இல்லை. 1880-81 குளிர்காலத்தில் கரோலின் இங்கல்ஸ் என்கிற பெண்மணி தினமும் பதில் சொல்லவேண்டியிருந்த கேள்வி. அவர் வாழ்ந்த ஊரின் பெயர் டி ஸ்மெட். அமெரிக்காவின் நடுவில், இன்றைக்குத் தெற்கு டகோட்டா மாநிலம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அப்போது அது மாநிலம்கூட ஆகவில்லை. டகோட்டா பிரதேசம் என்றுதான் பெயர். மாநில அந்தஸ்து வந்தது 1889-ல்.

அங்கே எதற்காகப் போனார்கள்? நிலத்துக்காக. 1862-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மேற்கே போ, 160 ஏக்கர் எடுத்துக்கொள், ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டு, நிலம் உனக்கே. கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா? அது யாருடைய நிலம் என்று மட்டும் கேட்கக்கூடாது. டகோட்டா என்பதே அங்கே காலம் காலமாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்களின் பெயர்தான். அவர்களை ஓரங்கட்டிவிட்டுத்தான் இந்த இலவச விநியோகம் நடந்தது.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. மரம் என்று பேருக்கு ஒன்றிரண்டு. இந்த மரமில்லாத விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விறகு இல்லை என்று அர்த்தம். அடுப்பெரிக்கக் கரி வேண்டும். கரி ரயிலில் வரவேண்டும். மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய், செருப்பு, துணி எல்லாமே ரயிலில்தான். டி ஸ்மெட் பிறந்ததே 1880-ல், அந்த ரயில் பாதையால்தான். அதாவது நம் கதை நடக்கும்போது ஊருக்கு முழுசாக ஒரு வயதுகூட ஆகவில்லை. சுமார் 80 பேர் கொண்ட ஊர்.

அக்டோபர் மாத நடுவிலேயே முதல் பனிப்புயல் வந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் யாருமே எதிர்பார்க்காத விருந்தாளி. சார்லஸ் இங்கல்ஸ், அதாவது கரோலினின் கணவர், விவரமான ஆள். நிலத்தில் கட்டியிருந்த குடிசை மெல்லிய பலகையால் ஆனது. இது தாங்காது என்று முடிவு பண்ணி, ஊருக்குள் தான் கட்டிவைத்திருந்த கடைக் கட்டடத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது.

பனி என்றதும் நமக்கு ஊட்டி, குலு, மணாலி, சினிமா பாட்டு எல்லாம் ஞாபகம் வரும். அந்தப் பனி வேறு. இங்கே வந்தது 'பிளிஸார்ட்'. மேலேயிருந்து விழுவது மட்டுமில்லை, தரையில் கிடக்கும் பனித்தூளையும் காற்று வாரியெடுத்து அடிக்கும். நீட்டிய கை தெரியாது. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே வழி தவறி, வாசலுக்குப் பக்கத்திலேயே உறைந்து செத்தவர்கள் அந்தப் புல்வெளிகளில் உண்டு. அதனால் சார்லஸ் பின்கதவிலிருந்து கொட்டகை வரைக்கும் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிவைத்தார். மாட்டுக்குத் தீனி வைக்க அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போவார், வருவார். உள்ளே கரோலின் கதவையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒரு புயல் மூன்று நாள். நடுவே ஒரு நாள், ஒன்றரை நாள் வெயில். மறுபடி மூன்று நாள். மாசக்கணக்கில் இப்படியே போனது. சில நாள் வெப்பநிலை மைனஸ் 40. செல்சியஸா, பாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான்!

சரி, ரயில் ஏன் வரவில்லை? பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டு வரவேண்டியதுதானே?

தள்ளினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. மேடான இடங்களில் மண்ணை வெட்டி, பள்ளத்துக்குள் தண்டவாளம் போட்டிருந்தார்கள். புயல் அந்தப் பள்ளத்தைப் பனியால் நிரப்பிவிடும். ஆட்கள் மண்வெட்டியோடு போய் வாரி இரண்டு கரையிலும் கொட்டுவார்கள். கரை உயரும். கரை உயர்ந்தால் பள்ளத்தின் ஆழமும் கூடும். அடுத்த புயல் முன்னைவிட அதிகப் பனியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். தோண்டத் தோண்ட நிரம்பிக்கொண்டே இருந்தால் மனுஷன் என்ன பண்ணுவான்? ஜனவரியோடு ரயில் கம்பெனி கையைத் தூக்கிவிட்டது. அடுத்த ரயில் மே மாதத்தில்தான்.

இதுவரைக்கும் சொன்னது சரித்திரம். பாடப் புத்தகத்துக்கு இது போதும். ஆனால் அந்தக் குளிர்காலம் நிஜத்தில் நடந்தது ஒரு சமையலறைக்குள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த 13 வயதுப் பெண்ணால். அவள் பெயர் லாரா. பிற்காலத்தில் லாரா இங்கல்ஸ் வைல்டர் என்று உலகம் முழுக்கத் தெரிந்த எழுத்தாளர். 'தி லாங் வின்டர்' என்ற அவருடைய நாவல் 1940-ல் வந்தது. 'கடுமையான குளிர்காலம்' என்கிற அர்த்தத்தில் 'தி ஹார்ட் வின்டர்' என்றுதான் முதலில் தலைப்பு வைத்திருந்தார். குழந்தைகள் புத்தகத்துக்கு அது ரொம்பக் கடுமை என்று பதிப்பகம் மாற்றிவிட்டது.

அந்த வீட்டின் ஒரு நாளைப் பார்ப்போமா?

கரி தீர்ந்ததும் அடுப்புக்கு என்ன வழி? கொட்டகையில் காய்ந்த புல் இருந்தது. புல்லை அப்படியே போட்டால் குப்பென்று எரிந்து நிமிஷத்தில் சாம்பல். எனவே முறுக்கினார்கள். நம் ஊரில் வைக்கோல் பிரி திரிப்போம் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி. இறுக்கமாக முறுக்கி, மடித்து, கட்டை போல ஆக்கி அடுப்பில் வைப்பது. அதுவும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆக, நாள் முழுக்க யாராவது ஒருத்தர் முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். சார்லஸும் லாராவும் முறுக்கினார்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரும். சார்லஸ் நன்றாகப் பிடில் வாசிப்பார். குளிர்ந்த ராத்திரிகளில் குழந்தைகளுக்கு அதுதான் பெரிய ஆறுதல். ஒருநாள் எடுத்து வாசிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

சாப்பாடு? மாவு இல்லை, கோதுமை இருந்தது. அரைக்கத்தான் ஊரில் மாவு மில் கிடையாது. கரோலின் அலமாரியைப் பார்த்தார். காபிக்கொட்டை அரைக்கிற சின்னக் கை மெஷின் இருந்தது. நம் பாட்டி வீடுகளில் சுவரில், மேஜையில் மாட்டியிருப்பார்களே, அதன் ஒன்றுவிட்ட சகோதரி. அதில் கோதுமையைப் போட்டார். ஒரு தடவைக்கு ஒரு பிடிதான் கொள்ளும். ஒரு வேளை ரொட்டிக்கு எத்தனை பிடி, எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லாரா அரைப்பாள், தங்கை கேரி அரைப்பாள், கண் தெரியாத மேரியும் முறை வைத்து அரைப்பாள். கண் எதற்கு? கைப்பிடி எங்கே என்று தெரிந்தால் போதுமே.

ஈஸ்ட்டும் இல்லை. புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து, மறுநாள் மாவில் கலந்து ரொட்டி சுட்டார். இட்லி மாவு புளிக்கவைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விளக்கு? மண்ணெண்ணெய்தான் இல்லையே. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் வண்டி மை கொஞ்சம் கிடந்தது. தட்டில் அதைத் தடவி, ஒரு பொத்தானைத் துணியில் பொதிந்து, துணியின் நுனியைத் திரி மாதிரி மேலே முறுக்கிவிட்டு, மையில் வைத்துப் பற்றவைத்தார். எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

குட்டிப் பெண் கிரேஸ்? அவளைத் தரையில் விட முடியாது. தரை பனிக்கட்டி. போர்வையில் சுற்றி அடுப்படியில் மேரியின் மடியில் உட்காரவைத்தார்கள். 3 வயதுக் குழந்தையை நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காரவைக்க முடியுமா? உங்கள் வீட்டில் முயற்சி பண்ணிப் பாருங்கள், தெரியும். அதற்குத்தான் பாட்டும் கதையும்.

இங்கேதான் கரோலினைக் கவனிக்கவேண்டும். அவர் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் வேலை பார்த்தவர். புயலால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மூடாமல் என்ன செய்வார்கள்? புயலில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் ஊரையே தவறவிட்டுப் புல்வெளிக்குள் போயிருக்கக்கூடிய ஒரு சம்பவம் நாவலில் வருகிறது. கடைசிக் கட்டடத்தில் தற்செயலாக மோதியதால் பிழைத்தார்கள். இது மிகை என்று நினைக்கவேண்டாம். ஏழு வருஷம் கழித்து, 1888 ஜனவரி 12 அன்று, இதே புல்வெளிகளில் திடீர்ப் புயல் ஒன்று பள்ளிக்கூட நேரத்தில் தாக்கியது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 235 பேர் பலி. அதில் பல பேர் குழந்தைகள். 'குழந்தைகளின் பனிப்புயல்' என்றே அதற்குப் பெயர்.

பள்ளி மூடினால் என்ன, பாடத்தை மூடக்கூடாது என்றார் கரோலின். வேலை முடிந்ததும் புத்தகத்தை எடு. லாரா உரக்கப் படிக்க, மேரி காதால் கேட்டே மனப்பாடம் பண்ணுவாள். இருட்டிவிட்டால் புத்தகம் கிடையாது, யாருக்கு எத்தனை பாட்டு ஞாபகம் இருக்கிறது என்று போட்டி. காலையில் தலை சீவவேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஒழுங்காக உட்காரவேண்டும். ரொட்டி எல்லோருக்கும் சமமாக. புலம்பல் கூடாது.

அதிகப்படியான கண்டிப்பாகத் தெரிகிறதா? 2020 ஊரடங்கில் சின்னக் குழந்தைகளோடு வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குக் கரோலின் செய்தது புரியும். இன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோகும்போது, பத்து மணிக்குப் பாடம் என்ற ஒரு விஷயம் மனசைப் பிடித்து நிறுத்தும். பசியைவிட மந்தம் ஆபத்தானது என்று கரோலினுக்குத் தெரிந்திருந்தது. பிப்ரவரி வாக்கில் அந்த வீட்டில் எல்லோருமே மெதுவாக, தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டதை லாரா எழுதுகிறார். அப்போதும் காபி மில் சுற்றுவது நிற்கவில்லை.

ஒரு கட்டத்தில் ஊரிலேயே கோதுமை தீரப்போகிறது. மிச்சம் இருப்பது ஓர் இளைஞன் வைத்திருந்த விதைக் கோதுமை. விதைநெல்லைத் தின்பவன் அடுத்த வருஷத்தையே தின்கிறான் என்பது விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். அந்த இளைஞன் அதை விற்க மனசில்லாமல், ஆபத்தான ஒரு காரியம் செய்தான். நண்பன் ஒருவனோடு பனிச்சறுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு, புயலுக்கும் புயலுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் பல மைல் தாண்டிப் போய், ஒரு குடியானவரிடம் கோதுமை வாங்கிவந்தான். ஊர் பிழைத்தது. அவன் பெயர் அல்மான்ஸோ வைல்டர். லாராவின் பெயருக்குப் பின்னால் இருக்கும் அதே வைல்டர்தான். 1885-ல் கல்யாணம்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

நாவலின்படி அந்த வீட்டில் ஆறு பேர். உண்மையில் ஒன்பது பேர்! லாரா 1930 வாக்கில் எழுதி, அச்சில் வராமலே இருந்த சுயசரிதை 'பயனியர் கேர்ள்' என்ற பெயரில் 2014-ல் வெளியானது. அதில் ஜார்ஜ், மேகி மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் வருகிறார்கள். போக்கிடம் இல்லாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கல்ஸ் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். லாராவின் வார்த்தைகளை நம்பினால், ஜார்ஜ் வேலைக்குக் கை கொடுக்காதவர், சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆள், அடுப்புக்குப் பக்கத்து இடத்தையும் விடமாட்டார்.

ஏன் நாவலில் இவர்கள் இல்லை? மகள் ரோஸுக்கு எழுதிய கடிதத்தில் லாரா காரணம் சொல்கிறார். இருந்தபடியே எழுதினால் கதை கெட்டுவிடும். உதவி செய்ததாக எழுதினால் எங்கள் கஷ்டம் குறைந்துபோகும். எழுத்தாளர் பார்வையில் நியாயமான முடிவுதான்.

ஆனால் கரோலின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். காபி மில்லில் அரைத்த மாவை அவர் ஆறாகப் பங்கிடவில்லை. அதற்கு மேலும் பங்கிட்டார். தன் குழந்தைகளுக்கே போதாத வீட்டில் இன்னொருத்தியின் கைக்குழந்தைக்கும் அடுப்படியில் இடம் வைத்தார். அடைத்துக் கிடந்த அந்த மாதங்களில் ஒரு நாளாவது, 'வெளியே போங்கள்' என்று சொல்லத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே என்றால் சாவு. இதை எழுதாமல் விட்டதில், தன் அம்மா செய்த மிகப்பெரிய காரியத்தையும் சேர்த்தே விட்டுவிட்டார் லாரா.

வானிலை விஞ்ஞானிகள் 2020-ல் பழைய பதிவுகளை அலசி வெளியிட்ட ஆய்வு, அந்தப் பகுதியின் மிக மோசமான குளிர்காலங்களில் 1880-81-ம் ஒன்று என்று உறுதிப்படுத்தியது. கிழவி சொன்ன கதை இல்லை, நிஜம்தான் என்று ஆயிற்று. பனி உருகியபோது மிசௌரி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது தனிக்கதை.

மே மாதம் ரயில் வந்தது. டிசம்பரில் வந்திருக்கவேண்டிய கிறிஸ்துமஸ் பரிசுப் பீப்பாயும் வந்தது. அதற்குள் இருந்த வான்கோழி அப்போதும் உறைந்தபடியே இருந்ததாம். மே மாதத்தில் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டார்கள்.

அதே வருஷம் நவம்பரில் மேரி வீட்டைவிட்டுக் கிளம்பினாள். அயோவா மாநிலத்தில் வின்டன் என்ற ஊரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரிக்கு. பொத்தான் விளக்கு வெளிச்சத்தில், காதால் கேட்டே பாடம் படித்த அதே பெண்தான். 1889-ல் படிப்பை முடித்தாள்.