கிருஷ்ண பிள்ளை விட்டது எது?

அவிநாசிபாளையத்தைச் சுற்றியுள்ள பின்னலாடைத் தொழிலில் வாய்ச்சொல்லை நம்பி யாரும் சரக்கு எடுப்பதில்லை. துணியை வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. வெட்டித் தராசில் வைப்பார்கள், 1.8 கிராம் காட்டினால் அது 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். சாயத்தை ஷேடு கார்டோடு ஒட்டிப் பார்ப்பார்கள். பிழைப்புக்கு அதுதான் முறை. வாரம் முழுக்க இப்படி அளந்து பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசுவாசத்தையும் அளந்து பார்க்கத்தான் துடிக்கும். தென்மாவட்டங்களிலிருந்து பனியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. அவர்களுக்கு, அளந்து பார்க்க முடியாததை நம்பிப் புறப்பட்ட ஊர்க்காரர் ஒருவரை நினைவூட்டலாம்: ‘இரட்சணிய யாத்திரிகம்’ காவியத்தைப் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-இல் பிறந்தவர். வைணவ வேளாளர் குடும்பம். கம்பராமாயணம் வீட்டுச் சொத்து. 1853-இல் சாயர்புரம் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனபோது அவரிடம் கல்வி, குலம், பக்தி மூன்றும் உறுதியாக இருந்தன. முன்பே கிறிஸ்தவரான நண்பர்களின் பழக்கமும், வாசித்த நூல்களும் அந்த உறுதியை மெல்ல அசைத்தன. 1858-இல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஆலயத்தின் பெயர் புனித தோமா ஆலயம். காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற சீடரின் பெயர்!

அவர் அறிவை அடகு வைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அது தவறு. கம்பனிடம் கற்ற செய்யுள் நடையும், ஆழ்வார் பாசுரங்களின் உருக்கமும் கடைசிவரை அவரோடு வந்தன. அவர் விட்டது, தன் புலமையும் ஒழுக்கமுமே தன்னைக் கரையேற்றும் என்ற நிச்சயத்தைத்தான். சரணாகதியை அறிந்த வைணவருக்கு இது முற்றிலும் புதிய பாதை அல்ல என்பது என் கணிப்பு.

அவர் காவியத்துக்கு எடுத்துக்கொண்ட மூலத்தையே பாருங்கள். 1678-இல் வெளிவந்த ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதை அது. தொடக்கத்தில், முதுகில் சுமையோடு நிற்கும் மனிதனுக்குச் சுவிசேஷகன் தொலைவில் ஒரு வாசலைச் சுட்டுகிறான். தெரியவில்லை என்கிறான் அவன். வெளிச்சமாவது தெரிகிறதா என்று கேட்டால், தெரிவதுபோல் இருக்கிறது என்கிறான். அவ்வளவுதான். அந்த அரைகுறைப் பார்வையை நம்பி, பின்னாலிருந்து கூப்பிடும் வீட்டாரின் குரல் விழாதபடி காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சுற்றத்தின் எதிர்ப்பைப் பார்த்த கிருஷ்ண பிள்ளைக்கு இந்தக் காட்சி வெறும் கதையாக இருந்திருக்காது.

இதைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் முதலில் ‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து, 1894-இல் நூலானது. ஐந்து பருவங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். சில இடங்களில் உருவகப் பெயர்களின் கனத்தில் கதை நகர மறுக்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பகுதியில் புலவர் விலகிக்கொள்ள, பக்தர் மட்டுமே பேசுகிறார். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பட்டம் அவருக்குப் பொருந்துவது அங்கேதான்.

மேல்நிலைத் தமிழ்ப் பாடநூலில் இந்தக் காவியத்தின் சில செய்யுள்கள் இடம்பெற்றுள்ளன. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகப் படித்ததோடு நிறுத்திவிடாமல், சபைதோறும் ஒரு படி வாங்கி வையுங்கள். லெந்து கால மாலைக் கூட்டங்களில் பாடுகளின் பகுதியையாவது உரக்க வாசியுங்கள்.