இரு விடுதிப் பள்ளிகளின் இல்லங்கள்

வடநாட்டு விடுதிப் பள்ளிகளில் 'ஹவுஸ்' என்றொரு சொல் பெரிதும் வழங்குகிறது. மாணவர் தங்கி உறங்கும் கட்டடத்துக்கும் அதுவே பெயர். விளையாட்டில் ஒன்றோடொன்று மோதும் அணிகளுக்கும் அதுவே பெயர். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் இது. நாம் இல்லம் என்றே சொல்வோம். பார்வைக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தோன்றினும், எவருடைய பிள்ளை எவருடைய பிள்ளையோடு ஒரு கூரையின்கீழ் உறங்கலாம் என்ற வினாவுக்கு அவ்வக்காலத்தார் அளித்த விடையே இவ்வில்லங்கள். அஜ்மீரிலும் டேராடூனிலும் உள்ள இரு பள்ளிகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் இது நன்கு விளங்கும்.

1870-ஆம் ஆண்டு அஜ்மீரில் கூடிய தர்பாரில், இராஜபுதன மன்னர்களின் மைந்தர்களுக்கென ஒரு கல்லூரி வேண்டுமென்று வைஸிராய் மேயோ பிரபு எடுத்துரைத்தார். 1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின், சமஸ்தானங்களின் நட்பு ஆங்கிலேயருக்கு இன்றியமையாததாயிற்று. நாளை அரியணை ஏறப்போகும் சிறுவரை இன்றே தம் வழியில் பழக்குவது அவர்கள் கருத்து. மேயோ அக்கல்லூரியைக் கண்ணால் காணவில்லை. 1872-இல் அந்தமானில் கைதி ஒருவனால் கொல்லப்பட்டார். 1875-இல் கல்லூரி அவர் பெயராலேயே தொடங்கிற்று. முதல் மாணவர் ஆல்வார் மன்னர் மங்கள் சிங். அவர் யானைமீது, பெரும் பரிவாரம் சூழ வந்து சேர்ந்தார் என்பர். கல்வி கற்க வந்தவரா, நகர்வலம் வந்தவரா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அங்கே இல்லங்களைக் கட்டியவர்கள் சமஸ்தானத்தார். ஆல்வார், ஜயப்பூர், ஜோத்பூர், உதயப்பூர், பிகானீர், கோட்டா, பரத்பூர் என்று ஒவ்வோர் அரசும் தன் பிள்ளைகளுக்குத் தனித்தனி மாளிகை எழுப்பிற்று. ஏவலாளரும் குதிரைகளும் உடன் வந்தன. பகலில் ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள் மாலையில் தத்தம் சமஸ்தானத்துக்கே திரும்பினார்கள் என்று சொல்லலாம். நடுநாயகமாக நின்ற பெருங்கட்டடம் மட்டும் எல்லார்க்கும் பொது. மேஜர் சார்லஸ் மாண்ட் வரைந்த அதற்கு 1878-இல் அடிக்கல் நாட்டினர். 1885-இல் அது நிறைவுற்றது. 1881-லேயே மறைந்த மாண்ட் அதனைக் காணவில்லை. வெண்ணிறச் சுவரும் குவிமாடமும் மணிக்கூண்டுமாக எழுந்த அக்கட்டடம் இந்தோ-சாராசெனிக் பாணியைச் சேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தைக் கண்ட நம்மவர்க்கு அப்பாணி புதிதன்று.

அறுபது ஆண்டுகள் கழித்து டேராடூனில் எழுந்த டூன் பள்ளியின் நோக்கமே வேறு. வைஸிராயின் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த சதீஷ் ரஞ்சன் தாஸ், சாதி மத வேறுபாடின்றி இந்தியச் சிறுவர் ஒன்றாய் வளரும் விடுதிப் பள்ளி ஒன்றைக் கனவு கண்டார். அதற்காக ஊர் ஊராய்ச் சென்று நிதி திரட்டினார். 1928-இல் அவர் காலமானார். அவர் திரட்டிய நிதியும் மூட்டிய ஆர்வமும் வீண்போகவில்லை. வன ஆராய்ச்சி நிலையம் 1929-இல் புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தபின், அது விட்டுச்சென்ற சாந்த்பாக் தோட்டத்தில் 1935-இல் பள்ளி திறக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கென வளர்த்த அரிய மரங்களும் பள்ளிக்கு உரிமையாயின. ஈட்டனிலிருந்து வந்த ஆர்தர் ஃபுட் முதல் தலைமையாசிரியர். தாகூரின் 'ஜன கண மன' 1950-இல் தேசியகீதமாவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பள்ளிப் பாடலாயிற்று.

இங்கும் இல்லங்களுக்கு ஹைதராபாத், காஷ்மீர், ஜயப்பூர், டாட்டா என்ற பெயர்களே வாய்த்தன. பணம் தந்தவர்க்கு அது நன்றிக்கடன். ஆயின், ஹைதராபாத் இல்லத்தில் வாழ நிஜாமின் குடியாயிருக்க வேண்டியதில்லை. எவ்வூர்ப் பையனும் எவ்வில்லத்திலும் இடம் பெறலாம். பெயர் மன்னருடையது, படுக்கை பொதுவானது. இதையே நாம் பெரிய மாற்றமாகக் கருதுகிறோம். எனினும் ஒன்றை மறைத்தல் தகாது: மன்னர் குலம் என்ற வேலி நீங்கிய இடத்தில் கட்டணம் என்ற வேலி நின்றது. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம் காலனிக் குடும்பங்கள் அதனை எளிதில் தாண்ட முடிந்ததில்லை.

இரு பள்ளிகளையும் இணைத்த மனிதர் ஒருவர் உண்டு. டூனில் காஷ்மீர் இல்லத்தின் பொறுப்பாசிரியராயிருந்த ஜாக் கிப்ஸன், 1954-இல் மேயோ கல்லூரியின் தலைவரானார். மன்னராட்சி மறைந்த காலம் அது. சமஸ்தானத்துக்கென்று கட்டிய மாளிகைகளில் ஏனையோர் பிள்ளைகளும் குடியேறினார்கள். கிப்ஸன் ஓய்வு பெற்றபின்னும் அஜ்மீரை விட்டு அகலவில்லை. 1994-இல் அங்கேயே மறைந்தார்.

மஸூரிக்குக் கோடை விடுமுறை செல்லும் அன்பர்கள் டேராடூனைக் கடந்தே போகிறார்கள். சாந்த்பாக்கில் 'ரோஸ் பவுல்' என்றொரு திறந்தவெளி அரங்கம் உண்டு. அதனைப் பள்ளியின் தொடக்ககால மாணவரும் ஆசிரியருமே மண் சுமந்து அமைத்தனர். எந்த மன்னர் பெயரும் அதற்கு இல்லை.