காக்கிநாடா ஆய்வும் இளங்கலை வகுப்பறையும்: தொழில்முனைவுக் கல்வியின் ஒரு வரலாற்று நோக்கு

தமிழகப் பல்கலைக்கழகங்களின் இளங்கலை வணிகவியல் பாடத்திட்டங்களில் ‘தொழில்முனைவோர் மேம்பாடு’ ஒரு தாளாக இடம்பெறுவது வழக்கம். அத்தாளுக்குரிய பாடநூல்களில் காக்கிநாடா ஆய்வு சில வரிகளில் சொல்லப்படும். அடைவூக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க இயலும், மரபான நம்பிக்கைகள் அதற்குத் தடையாவதில்லை என்னும் இரு முடிவுகளே அவ்வரிகளின் சாரம். யார், எந்நிலையில் பயிற்றப்பட்டனர் என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அவ்விடுபடலே இக்கட்டுரையின் பொருள்.

ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், 1961இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கும் அதன் மக்களின் அடைவூக்கத்துக்கும் தொடர்புண்டு என வாதிட்டார். அதனைச் சோதிக்க ஆந்திரத்தின் துறைமுக நகரான காக்கிநாடா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1964 முதல் அந்நகரத்தார் 52 பேர் குழுக்களாக ஐதராபாத்திலுள்ள சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் தங்கிப் பயின்றனர். படங்களைக் கண்டு கதை எழுதுதல், அக்கதைகளில் வெளிப்படும் ஊக்கத்தைத் தாமே இனங்காணல், அடையத்தக்க இலக்கை வகுத்தல் ஆகியன பயிற்சியின் கூறுகள். அண்டை நகரான இராஜமுந்திரியின் தொழிலோர் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டனர். பின்னர் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் தொழில் முனைப்பு மிகுந்திருந்தது. பெறாதோரிடம் அது கால்பங்கு அளவே. இம்முடிவுகள் 1969இல் நூலாயின.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பயின்றோர் மாணவர் அல்லர். கடையோ பட்டறையோ நடத்திவந்த தொழிலோர். வகுத்த இலக்கை ஊர் திரும்பியதும் செயற்படுத்த அவர்களுக்குக் களம் இருந்தது. ஊக்கம் மட்டுமே விளைவைத் தந்தது என்று இவ்வாய்வை மேற்கோள் காட்டுவது, என் கருத்தில், அதன் வரம்பை மீறுவதாகும்.

குஜராத்தில் 1970இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அதனை முன்னெடுத்தவை மாநிலத் தொழில், நிதிக் கழகங்கள். ஆகவே தேர்வு, பயிற்சி, கடன் மூன்றும் ஒரே தொடராக அமைந்தன. அவ்வனுபவத்தின் வழியே 1983இல் அகமதாபாத்தில் தேசிய அளவிலான தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் உருவாயிற்று.

பல்கலைக்கழகத் தாளுக்கு வந்தபோது இத்தொடர் அறுந்தது. கடன் தருவோர்முன் வைக்கப்படவேண்டிய திட்ட அறிக்கை, ‘அதன் கூறுகளை விளக்குக’ என்னும் தேர்வு வினாவாயிற்று. அரசுத் திட்டங்களும் பெயர்ப்பட்டியலாக மனனம் செய்யப்படுகின்றன. ஆசிரியரைக் குறைகூற இதில் இடமில்லை. பருவத் தேர்வு முறை அதற்குமேல் அனுமதிப்பதில்லை. தமிழக அரசு 2012இல் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென அறிமுகப்படுத்திய ‘நீட்ஸ்’ திட்டம் பயிற்சியையும் மூலதன மானியத்தையும் மீண்டும் ஒன்றிணைக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 21 வயது நிரம்பவேண்டும். ‘தொழில்முனைவோர் மேம்பாடு’ தாளை எழுதும் மாணவருக்கோ பெரும்பாலும் 19 அல்லது 20 வயதுதான்.