செய்தியும் நம்பிக்கையும்

பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்பவர்க்குச் செய்தியின் அருமை மற்றவரினும் நன்கு தெரியும். டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ குடியேறிய தமிழர், சொந்த ஊரில் மழை பெய்ததா என்பதைச் செய்தியால் அறிகின்றனர். தாம் வாழும் நகரத்தில் நாளை அமைதி நிலவுமா, கலகம் மூளுமா என்பதையும் செய்தியாலேயே அறிகின்றனர். கடையைத் திறப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், சில வேளைகளில் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறுவதும் அந்தச் செய்தியைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, செய்தியைத் தருகின்றவர் யார், அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி அவர்கட்கு வாழ்க்கைக் கேள்வியாகும்.

செய்தியைச் சுமந்து வரும் கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. அச்சுக்குப் பின் தந்தி, தந்திக்குப் பின் வானொலி, அதன்பின் தொலைக்காட்சி, இன்று கைபேசி. ஒவ்வொன்றும் முன்னதைவிட விரைவானது. விரைவு வளர்ந்த அளவுக்கு நம்பிக்கையும் வளர்ந்ததா? இரண்டரை நூற்றாண்டுக் கால இந்திய வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இந்நாட்டின் முதற் செய்தித்தாள் 1780-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் கல்கத்தாவில் வெளிவந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் அதனை நடத்தினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே அவர் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதற்காகச் சிறை சென்றார். 1782-இல் அவருடைய அச்செழுத்துக்களும் பறிமுதலாயின. இந்தியாவில் பத்திரிகையும் அரசாங்கமும் முதன்முதல் மோதியது அப்போதுதான். 1823-இல் உரிமம் பெறாமல் பத்திரிகை நடத்தலாகாது என்ற கட்டளை பிறந்தபோது, ராஜாராம் மோகன் ராய் தாம் பாரசீக மொழியில் நடத்திவந்த பத்திரிகையையே நிறுத்திக்கொண்டார். கட்டுப்பட்டுப் பேசுவதைவிடப் பேசாமலிருப்பதே வாசகர்க்குச் செய்யும் நேர்மை என்று அவர் கருதினார் போலும். 1835-இல் மெட்காப் அக்கட்டளையை நீக்கினார்.

பின்னர்த் தந்தி வந்தது. 1850-களில் நாட்டின் பெருநகரங்களைக் கம்பிகள் இணைத்தன. 1857 மே 11-ஆம் நாள் டில்லியில் கிளர்ச்சி மூண்டபோது, அங்கிருந்த தந்தி அலுவலர் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பினர். ஆங்கிலேயர் படைக்கு அது பேருதவியாயிற்று. அரசாங்கத்தின் கையில் மின்னல் வேகத்தில் செல்லும் தந்தி இருந்தது. மக்கள் கையில் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. எனினும், புதிய தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற பேச்சு அதற்கு முன்பே பாசறைதோறும் பரவியிருந்தது. அதிகாரிகள் சமாதானம் கூறினர். சிப்பாய்கள் அதனை ஏற்கவில்லை. நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த அவநம்பிக்கையைத் தந்திக் கம்பியால் நீக்க முடியவில்லை. ஜூன் திங்களில் கானிங் பிரபு அச்சுக்கூடங்களுக்கு மீண்டும் உரிமக் கட்டுப்பாடு விதித்தார். அச்சிட்ட தாள்கள் அடங்கின. வாய்ச்செய்திக்கு உரிமம் ஏது?

1878 மார்ச்சில் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொணர்ந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளை அச்சட்டம் தொடவில்லை. வங்கத்தின் அமிர்த பஜார் பத்திரிகை சில நாட்களுக்குள்ளேயே முழுவதும் ஆங்கிலமாக மாறிச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சென்னையில், ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலிய ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 படிகள் அச்சிட்டு ‘ஹிந்து’ பத்திரிகையைத் தொடங்கினர். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இழித்துரைத்ததே அதற்குத் தூண்டுகோல். சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். எண்பது படிகள் என்பது எவ்வளவு சிறிய தொகை! ஆனால் இன்னார் எழுதினார், இன்ன இடத்தில் அச்சிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. தவறாயின் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார். பத்திரிகைக்கு மதிப்பு வளர்ந்தது அந்தப் பொறுப்பினால்தான்.

வானொலியின் கதை இதனினும் வியப்பானது. 1927-இல் பம்பாயில் ஒரு தனியார் நிறுவனம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நலிவுற்றபின் அரசாங்கமே அதனை ஏற்றது. 1936 ஜூனில் அகில இந்திய வானொலி என்ற பெயர் வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அது ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்தது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்து தலைவர்கள் சிறைப்பட்டபோது, மக்கள் அறிய விரும்பியதை அந்தக் குரல் கூறவில்லை. எனவே உஷா மேத்தா என்ற இளம் பெண்ணும் அவருடைய தோழர்களும் பம்பாயில் இடம் மாறி மாறி ஒரு மறைவான வானொலியை நடத்தினர். நவம்பர் 12-ஆம் நாள் காவல் துறையினர் அதனைக் கண்டுபிடிக்கும் வரை, காங்கிரஸ் வானொலி என்ற பெயரில் அது பேசியது. அதன் கருவி எளியது. எட்டும் தூரமும் குறுகியது. மக்களோ பெரிய நிலையத்தை விட்டு இந்தச் சிறிய குரலுக்குச் செவி சாய்த்தனர்.

ஐந்தே ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. மக்கள் ஐயுற்ற அதே வானொலி மக்களைக் காக்கும் நாளும் வந்தது. 1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை 5 மணி 17 நிமிடத்திற்கு டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் சுடப்பட்டார். பிரிவினைக் கலகத்தின் குருதி இன்னும் உலராத காலம் அது. சுட்டவன் முஸ்லிம் என்ற ஒரு பொய்ச்சொல் தெருவில் பரவுமாயின், அன்றிரவே எத்தனை வீடுகள் எரிந்திருக்கும்! அத்தகைய பேச்சு எழவும் செய்தது. மாலை ஆறு மணிக்கு வானொலி அடிகளின் மறைவை அறிவித்தது. அந்த முதல் அறிவிப்பிலேயே, சுட்டவன் ஓர் இந்து என்பதையும் சேர்த்துக் கூறியது. இரவில் நேருவும் படேலும் வானொலியில் பேசினர். பின்னர் மராட்டியப் பகுதிகளில் சுட்டவனின் சாதியார் தாக்கப்பட்ட கொடுமை நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் நாடெங்கும் மூளக்கூடிய பெருந்தீ மூளவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் சொல்லப்பட்ட முழு உண்மை, எண்ணற்ற உயிர்களுக்கு வேலியாயிற்று.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் மற்றொரு சோதனை நேர்ந்தது. அதற்கு முன் வானொலியின் பெயர் எவ்வாறு தேய்ந்தது என்பதையும் கூறவேண்டும். 1975 ஜூன் 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அன்றிரவே டில்லியின் செய்தித்தாள் அலுவலகங்கள் பலவற்றுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. தணிக்கை வந்தது. ஜூன் 28-ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுத்தில்லாத அந்த இடத்தின் பொருள் படித்தவர் அனைவருக்கும் விளங்கியது. 1976-இல் நான்கு செய்தி நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்சியின் புகழை மட்டுமே பாடின. ஆனால் 1977 மார்ச் தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பு, அந்தப் புகழுரைகளை அவர்கள் நம்பவில்லை என்பதைக் காட்டிற்று. பிறர் வாயை அடைப்பவர், நாட்டில் நடப்பதைத் தாமும் கேளாமற் போகின்றனர்.

1984 அக்டோபர் 31-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பின் பிரதமர் இந்திரா காந்தி தம் இல்லத்திலேயே மெய்க்காவலர் இருவரால் சுடப்பட்டார். லண்டனிலிருந்து பி.பி.சி. முற்பகலிலேயே அவர் மறைவைக் கூறிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்திலிருந்த அவருடைய மைந்தர் ராஜீவ் காந்தியும் பி.பி.சி.யைக் கேட்டே செய்தியை உறுதி செய்துகொண்டார் என்பர். நம் வானொலியோ மாலை வரை அதனை அறிவிக்கவில்லை. அந்த நீண்ட மௌனத்தில் தெருவெங்கும் பேச்சுப் பரவியது. அடுத்த நாட்களில், குடிநீரில் நஞ்சு கலக்கப்பட்டது என்றும், பஞ்சாபிலிருந்து பிணங்களை ஏற்றிய ரயில் வந்தது என்றும் பொய்கள் உலவின. டில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசாங்கம் அமைத்த குழு பின்னர்க் கணக்கிட்டது. இக்கொடுமைக்கு வதந்தி மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது; தூண்டியவர்களும், தடுக்க வேண்டிய கடமையை மறந்தவர்களும் இருந்தனர். ஆனால் வதந்தி அவர்கள் கையில் கருவியாயிற்று. 1948-இல் வானொலி முந்திக்கொண்டது. 1984-இல் வதந்தி முந்திக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் கருவி பன்மடங்கு வலிமை பெற்றிருந்தும் பயனில்லாமற் போயிற்று.

இப்படிப்பினைகள் வீண்போகவில்லை. வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. வானொலியையும் தொலைக்காட்சியையும் தனி அமைப்பின் பொறுப்பில் விடுவதற்கு 1990-இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவை விடைபெற்றது. அதற்குள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் வந்து சேர்ந்துவிட்டது.

அதன் முதற் பெருஞ்சோதனை வேற்று மாநிலத்தில் வாழ்பவர்க்கே நேர்ந்தது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூரிலிருந்து பல்லாயிரவர் தனி ரயில்களில் ஊர் திரும்பினர். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகள் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் சில நாட்கள் தடை விதிக்க நேர்ந்தது. 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பூசல் முற்றியபோது, இரு மாநிலங்களிலும் தனியொருவர் தாக்கப்படும் காட்சிப்படங்கள் கைபேசி வழியே பரவின. அவற்றில் கண்ட அடி மெய்யானதே. ஆயினும் ஓரிடத்து அடி ஊரெங்கும் விழுவதுபோலத் தோன்றிச் சினத்தை வளர்த்தது. பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் பல எரிந்தன. மெய்யின் ஒரு துண்டும் முழுமையை மறைக்குமாயின் பொய்யின் வேலையைச் செய்யும் என்பதற்கு இது சான்று.

2023 மார்ச்சில் நிலைமை தலைகீழாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிப்படங்கள் வடநாட்டில் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துவந்த மக்கள் அஞ்சினர். அவர்களுடைய பெற்றோர் ஊரில் கலங்கினர். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. வேறிடங்களில் நிகழ்ந்தவை தமிழ்நாட்டில் நிகழ்ந்தவையாகக் காட்டப்பட்டன என்பது வெளியாயிற்று. அத்தாய் தந்தையரின் கலக்கம் எத்தகையது என்பதை வெளிமாநிலத் தமிழர் வீட்டாருக்கு விளக்க வேண்டுவதில்லை. இல்லாத உருவத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு உண்டாக்கித் தரும் இக்காலத்தில், கண்ணே சாட்சி என்னும் நிலையும் தளர்ந்துவிட்டது.

இந்த வரலாறு முழுவதும் ஒன்றையே கூறுகிறது. கருவி செய்தியை விரைந்து கொணரும். அதனை நம்பத்தக்கதாக ஆக்கும் ஆற்றல் கருவிக்கு இல்லை. அரசாங்கம் ஆணையிட்டும் நம்பிக்கையை உண்டாக்க இயலாது. தம் பெயரைச் சொல்லி, உண்மையை உரிய காலத்தில் முழுமையாகக் கூறி, பிழைபட்டால் வெளிப்படையாகத் திருத்திக்கொள்பவரிடமே மக்கள் நம்பிக்கை தங்குகிறது. அவ்வாறு பேசுபவரை அடக்கினால் அவர் இடத்தில் வதந்தி வந்து அமர்கிறது. பெயரில்லாமல் கைபேசியில் வந்து சேரும் செய்தி பொய்யாயின், நாம் யாரைப் பிடித்துக் கேட்பது?

ஒற்றன் ஒருவன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்குமாறு அரசனுக்கு வள்ளுவர் அறிவுரை கூறினார். அன்று அரசனுக்குச் சொன்னது, குடியரசு நாட்டில் குடிகள் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் கூறியதும் இதுவே. அச்சமூட்டும் செய்தி ஒன்று வந்தால், சொன்னவர் யார் என்று கேட்டு, பொறுப்புள்ள மற்றொருவரிடம் சரிபார்த்த பின்னரே பிறர்க்கு அனுப்புதல் நலம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். 1948-இல் நாட்டைக் காத்த உண்மைக்கும் ஒரு மணி நேரத்திற்கு மேல் தேவைப்படவில்லை.