அடுத்த அடுப்பு எத்தனை தூரம்

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் இடத்தில் தாண்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பெட்ரோல் பங்கின் பலகை பைக் ஓட்டுபவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அதில் எழுதியிருக்கும். கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டு, கேனிலும் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போவார்கள். புல்லட் டேங்க் பதின்மூன்று லிட்டர் சொச்சம் பிடிக்கும். சமவெளியில் அந்த தூரத்தை ஒருவழியாகத் தாண்டிவிடலாம். ஐயாயிரம் மீட்டர் கணவாய்களில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது அந்தக் கணக்கு உதவாது.

நம் தலைமுறைக்கு 'நெடும்பயணம்' என்றால் அந்தச் சாலைதான். ஆனால் அது பயணிகளுக்காகப் போட்ட சாலை இல்லை, ராணுவத்துக்காகப் போட்டது. லடாக் வெளியாட்களுக்குத் திறந்ததே 1974ல்தான். அதில் ஓடும் வண்டியும் அப்படித்தான் வந்தது. 1950களில் எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து அதை நம்ம ஊரிலேயே செய்ய ஆரம்பித்தது. ஒரு தேசம் தன் எல்லையில் ஆள் நிறுத்துவதற்காகக் கட்டிய ஏற்பாட்டின் மேல் ஏறித்தான் நாம் 'தனியாக' பயணம் போகிறோம்.

அந்தப் பலகையை நினைத்தால் எனக்கு லடாக்கைவிட செஞ்சிதான் அதிகம் ஞாபகம் வருகிறது. குறிப்பாக, செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் சாலையிலிருந்து சற்று விலகி இருக்கும் மேல்சித்தாமூர்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை ஊர். ஜினகாஞ்சி மடம் இங்கே இருக்கிறது. மடத்தின் பட்டாரகர் யாராக இருந்தாலும் லட்சுமிசேனர் என்ற பட்டப்பெயரில்தான் அழைக்கப்படுகிறார். ஒரு பெரிய பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் அம்பிகையும் உள்ள மலைநாதர் கோயில் ஒன்று. உயர்ந்த கோபுரத்தோடும் மானஸ்தம்பத்தோடும் நிற்கும் பார்சுவநாதர் கோயில் இன்னொன்று. தெருவில் நயினார் வீடுகள். அவற்றில் பலவற்றில் பூட்டு தொங்குகிறது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "எங்கேருந்து வரீங்க தம்பி, வண்டியிலயேவா?"

"சென்னைலேருந்துங்க ஐயா. இங்கேருந்து சிரவணபெளகொளா போறேன்."

"எத்தினி நாளாவும்?"

"ராத்திரிக்குள்ள போயிடலாங்க."

அவர் சிரித்தார். "நல்லா போயிட்டு வாங்க. எங்க தாத்தா காலத்துல கட்டுசாதம் கட்டிக்கினு கும்பலா போவாங்களாம். சாமிமாருக்கு அதுவும் கெடையாது. வழியில நயினார் வூடு இருந்தாதான் அன்னிக்கு ஆகாரம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் அதற்குப் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செஞ்சிச் சமணர்களிடம் ஒரு பழைய கதை உண்டு. 1906ல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். கதைப்படி 1478ல் செஞ்சியை ஆண்ட நாயக்கன், உயர்ந்த குலத்தில் பெண் வேண்டும் என்று கேட்கிறான். பிராமணர்கள், சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று நழுவுகிறார்கள். சமணர் ஒருவர் சம்மதிப்பதுபோல் சொல்லி நாள் குறிக்கிறார். அந்த நாளில் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த அரசன் கண்டது ஆளில்லாத வீட்டையும் வாசலில் கட்டியிருந்த ஒரு பெட்டை நாயையும். அவமானத்தில் சமணர்களின் தலையை வெட்ட உத்தரவிடுகிறான். பலர் கொல்லப்படுகிறார்கள். சிலர் ஓடுகிறார்கள். மிச்சமிருந்தவர்கள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சைவர்களாகிவிடுகிறார்கள்.

அப்போது திண்டிவனம் பக்கத்து வேலூரில், குளக்கரையில் ஒருவர் சமண முறைப்படி மாலைக் கடன் செய்வதை அரசனின் ஆட்கள் பார்த்துப் பிடித்துப் போகிறார்கள். அன்று அரசனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் உயிரோடு விடுகிறான். தப்பிய அந்த மனிதர் நேராக சிரவணபெளகொளாவுக்குப் போய், படித்து, துறவியாகி, வீரசேனாசாரியார் ஆகிறார். இன்னொரு பக்கம், தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் தெற்கே ஓடி உடையார்பாளையம் ஜமீனிடம் அடைக்கலம் ஆகிறார். பிற்பாடு அவர் சிரவணபெளகொளா போய் வீரசேனரை அழைத்து வருகிறார். இருவரும் செஞ்சி நாட்டில் ஊர் ஊராகப் போய், நீறு பூசியவர்களை மறுபடி சமணத்துக்குத் திருப்புகிறார்கள். திரும்பாமல் நின்றவர்களுக்கு நீறுபூசி வேளாளர் என்று பெயர் வந்தது என்கிறது கெசட்டியர்.

இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? முதலில் தேதியே இடிக்கிறது. செஞ்சி நாயக்கர் ஆட்சி விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1509க்குப் பிறகுதான் உருவாகிறது. 1478ல் செஞ்சியில் நாயக்க அரசன் இருந்திருக்க முடியாது. இரண்டாவது, கதையின் முதல் பாதி தென்னிந்தியாவில் பல சமூகங்களிடம் இருக்கும் கதைதான். அரசன் பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ஊரைவிட்டோம் அல்லது உயிரைவிட்டோம். ஆரிய வைசியர்களின் கன்யகா பரமேஸ்வரி கதையும் ராஜகம்பளத்தாரின் இடப்பெயர்வுக் கதையும் இதே எலும்புக்கூடுதான்.

என் வேலையில் சர்வர் லாக் பார்ப்பது அன்றாடம். ஒரு வரியில் நேரம் தப்பாக இருந்தால் அந்த நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று முடிவுகட்ட மாட்டோம். அந்த நிகழ்ச்சியால் வேறெங்கே என்ன மாறியது என்று பார்ப்போம். இந்தக் கதையிலும் பொதுச்சரக்கான முதல் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பின்பாதி வேறு எந்தக் கதையிலும் இல்லாதது. தாயனூர், வேலூர், உடையார்பாளையம் என்று எல்லாம் நடந்து போய்ச் சேரக்கூடிய ஊர்கள். காங்கேய உடையார் வம்சத்தாருக்குச் சமணர்களிடையே தனி மரியாதை இருந்ததையும் கெசட்டியர் சொல்கிறது. எதற்காகவோ ஒரு குடும்பத்துக்கு ஒரு சமூகம் தலைமுறைகளாக முதல் மரியாதை கொடுத்துவந்திருக்கிறது. எப்போது என்பதில் சந்தேகம் இருக்கலாம். ஒரு முறிவும் ஒரு மீட்பும் நடந்தன என்பதை நான் நம்புகிறேன்.

இனி தூரத்துக்கு வருவோம். மேல்சித்தாமூரிலிருந்து சிரவணபெளகொளா ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மணாலியிலிருந்து லே போகும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இன்றைய சாலை திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் போகிறது. கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிப் பக்கம் ஏறினால் மைசூர் பீடபூமி, காற்றே மாறிவிடும். செங்கம் படைகள் காலங்காலமாகப் புழங்கிய வழி. 1767ல் ஹைதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் மோதிய இடங்களில் அதுவும் ஒன்று. வண்டியில் எனக்கு வழி முழுக்க டீக்கடை, பஞ்சர் கடை, பங்க்.

இதே தூரம் ஒரு திகம்பரத் துறவிக்கு எப்படி இருக்கும்? வாகனம் கிடையாது, செருப்பு கிடையாது. கையில் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். மழைக்கால நான்கு மாதம் ஒரே ஊரில் தங்கிவிட வேண்டும். நாளுக்கு 15, 20 கிலோமீட்டர் என்று வைத்தால் 400 கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு வாரம். அதுவல்ல கஷ்டம். அவர் நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, தன் இரு கைகளையே பாத்திரமாக்கி உண்பவர். அந்த உணவை விதிப்படி சமைத்து விதிப்படி வரவேற்றுக் கொடுக்க ஒரு சமணக் குடும்பம் வேண்டும். கையில் எதையும் சேர்த்து எடுத்துப்போக முடியாது. நமக்கு இருக்கும் பெட்ரோல் கேன் அவருக்கு இல்லை.

அப்படியானால் அவர் நடப்பது சாலை மேல் அல்ல, அடுப்புகளின் தொடர் மேல். ஒவ்வொரு நாள் நடைக்கும் ஒரு நயினார் வீடு. அந்தத் தொடரில் இரண்டு மூன்று கண்ணி விட்டுப்போனால் வழியே இல்லை. சுற்றிலும் ஊரும் வயலும் ஜனமும் நிறைந்திருந்தாலும் அவருக்கு அது பாழ்நிலம்தான்.

இதை வைத்து அந்தக் கதையை மறுபடி படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. வேலூரிலிருந்து தப்பி ஓடியபோது வீரசேனர் இல்லறத்தார். எங்கே வேண்டுமானாலும் உண்டு உறங்கிப் போயிருப்பார். திரும்பும்போது அவர் துறவி. செஞ்சி நாட்டின் ஒவ்வொரு நயினார் நெற்றியிலும் திருநீறு ஏறியபோது ஒவ்வொரு அடுப்பும் அவருக்கு அணைந்துவிட்டது. சொந்த ஊர்தான் அவருக்கு லடாக். அதனால்தான் கதையில் காங்கேய உடையார் அவசியமாகிறார் என்று நினைக்கிறேன். அவர் முதலில் உடையார்பாளையத்தில் பாதுகாப்பையும் நிலத்தையும் தேடிக்கொள்கிறார், அப்புறம்தான் ஆசாரியரை அழைக்கக் கிளம்புகிறார். இருவரும் வீடு வீடாகப் போய்ச் செய்தது மதப் பிரசாரம் மட்டுமில்லை. விட்டுப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள்.

செஞ்சிக்கு வேறொரு புகழ்பெற்ற நெடும்பயணமும் உண்டு. 1689ல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின் அவர் தம்பி ராஜாராம் பன்ஹாளாவிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, மொகலாயப் படைகள் சூழ்ந்த தக்காணத்தைக் கடந்து செஞ்சி வந்து சேர்ந்தார். வழியில் கெளதி ராணி சென்னம்மா உதவினார். பிறகு சுல்ஃபிகர் கான் முற்றுகையிட்ட செஞ்சி 1698 வரை தாங்கியது. 2025ல் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அந்தப் பயணத்துக்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. தேசிங்கு ராஜாவின் குதிரைக்குக்கூடத் தெருக்கூத்தில் இடம் இருக்கிறது. சிரவணபெளகொளா போய்த் திரும்பிய இரண்டு பேருக்கு இருப்பது ஒரு கெசட்டியர் பத்தி மட்டும்.

ஆனால் ராஜாராமும் கால்நடையாகப் போனவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்று. யாரோ கதவைத் திறந்ததால்தான் கடந்தார்கள். கெளதி ராணி திறந்தார், உடையார்பாளையம் ஜமீன் திறந்தார், பெயர் தெரியாத நயினார் வீட்டுப் பெண்கள் திறந்தார்கள். பயணக் கட்டுரைகளில் நாம் கணவாயின் உயரத்தை எழுதுகிறோம், சோறு போட்டவரை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் சமணர்கள் 0.12 சதவீதம். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்தே இவ்வளவு. தமிழ்ச் சமணர்களின் பிள்ளைகளும் என்னைப்போல் படித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இன்று துறவிகள் நடந்து வரும்போது பக்தர்கள் வேனில் பாத்திரம் பண்டத்தோடு கூடவே வந்து, வழியில் அடுப்பு மூட்டிக் கொடுக்கிறார்கள். விட்டுப்போன கண்ணிக்கு அது ஒரு தற்காலிகப் பாலம். இந்த முறை யாரும் வாளெடுக்கவில்லை. சம்பளமும் பள்ளிக்கூடமும் போதுமானதாக இருந்தன.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் செதுக்கிய இடத்தில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரிகர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட இடம் என்று அது சொல்கிறது. உணவை வேண்டாம் என்று தானே நிறுத்துவது ஒரு துறவியின் உரிமை. அதற்கும் முன்னால், அந்தக் குன்று வரை நடந்து வருகிற அத்தனை வருடமும் அவருக்கு யாரோ தினம் ஒரு வேளை உணவு கொடுத்திருக்க வேண்டும். அந்த வீடுகளின் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை. மேல்சித்தாமூரில் இன்னும் பூட்டாமல் இருக்கும் வீடுகளில் காலை புகை எழும்போது, அது சமையல் மட்டுமில்லை, சாலைப் பராமரிப்பும்தான்.